ஸ்கேன் நார்மல், பையன் நார்மலா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 14 வயது, 9ஆம் வகுப்பு, பள்ளிக் கபடி அணியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் ரைடு வந்தவனின் கணுக்காலுக்குப் பாய்ந்தபோது அவன் முழங்கால் இவன் நெற்றிப்பொட்டில் இடித்திருக்கிறது. மயக்கம் போடவில்லை. எழுந்து மீதி ஆட்டத்தையும் ஆடிவிட்டான். சாயங்காலம் தலைவலி என்றதும் கூட்டிப்போய் சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறீர்கள், நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்று புதன். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்கிறான், தங்கையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், படித்தால் ஏறவில்லை என்கிறான். வருகிற ஞாயிறு மாவட்டப் போட்டி, அதற்கு அடுத்த வாரம் காலாண்டுத் தேர்வு. இந்தப் பின்னணியில், கன்கஷனை, அதாவது தலை அதிர்ந்து மூளையின் வேலை கொஞ்ச காலம் குழம்பிப்போவதை, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் வரிகளுக்கு நடுவே நீங்கள் கேட்பது வேறு இரண்டு. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் இவன் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை ஆட விடலாமா?

இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை: விடாதீர்கள். முதலாவதற்கு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவன் நடிக்கவில்லை. இது கன்கஷன்தான் என்று நேரில் பார்க்காமல் முத்திரை குத்த மாட்டேன், ஆனால் இல்லையென்று ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை ஆமாம் என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். நான் சில ஆண்டுகள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு விளையாட்டு மருத்துவத்துக்கு வந்தவன். கபடி, கால்பந்துப் போட்டிகளில் மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் டாக்டர் நான்தான். நரம்பியல் நிபுணன் அல்ல. கீழே சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் அடிபட்ட ஆளைக் காஷுவாலிட்டிக்குக் கொண்டுவந்தால் நாங்கள் கேட்கும் நான்கு கேள்விகள் எங்களுக்குத் தூக்கத்திலும் வரும். நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தாரா, வலிப்பு வந்ததா, காது மூக்கில் ரத்தம் வந்ததா. உங்களிடமும் இவற்றைத்தான் கேட்டிருப்பார்கள். இவை மண்டையோடு உடைந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தேடும் கேள்விகள். அந்தத் தேடல் அவசியம். 1998இல் டாக்காவில் ஒரு கிளப் கிரிக்கெட் ஆட்டத்தில், பேட்ஸ்மேனுக்கு மிக அருகே ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற இந்திய வீரர் ராமன் லாம்பாவின் நெற்றியில் பந்து பட்டது. அவர் தானே எழுந்து நடந்துதான் பெவிலியனுக்குப் போனார். சற்று நேரத்தில் நிலை மோசமாகி, மூன்று நாளில் மூளை ரத்தக்கசிவால் இறந்துபோனார். அடிபட்டதற்கும் நினைவு தப்புவதற்கும் நடுவே ஆள் தெளிவாகப் பேசும் அந்த இடைவெளி எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் பயம். உங்கள் மகனுக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் அந்தப் பயத்தைத்தான் தீர்த்துவைத்திருக்கிறார்கள், நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த நான்கு கேள்விகளுக்கும் இல்லை என்று பதில் சொல்லி, ஸ்கேனும் சுத்தமாக வந்த ஒருவருக்குக் கன்கஷன் தாராளமாக இருக்கலாம். பத்துக் கன்கஷனில் ஏறக்குறைய ஒன்றில்தான் நினைவு தப்புகிறது. “மயக்கம் போடலை, அதனால ஒண்ணுமில்ல” என்ற வாசகத்தை எத்தனை பி.டி. சார்கள் வாயில் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஸ்கேனில் ஏன் தெரியாது என்பதற்கு நான் பெற்றோரிடம் சொல்வது லோ வோல்டேஜ் கதை. வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கிரைண்டர் ஓடவில்லை, டியூப்லைட் மினுக்குகிறது. நீங்கள் வீட்டைப் போட்டோ எடுத்துப் பார்க்கிறீர்கள். சுவரில் விரிசல் இல்லை, வயர் கருகவில்லை. போட்டோ பொய் சொல்லவில்லை, அது காட்டக்கூடியது அவ்வளவுதான். தலை சட்டென்று ஆட்டம் கண்டு நிற்கும்போது, அதுவும் பக்கவாட்டில் திருகும்போது, மூளைக்குள் இருக்கும் நீளமான நரம்பு இழைகள் இழுபடுகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே போகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு ஏராளமான சக்தி தேவைப்படும் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தேவை அதிகம், வரத்து குறைவு. அதனால்தான் படிப்பு, வெளிச்சம், சத்தம் போன்ற அன்றாடச் சுமைகளே தாங்காமல் போகின்றன. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. நெஞ்சில் விழும் ஒரு நல்ல டேஷில், அதாவது உடம்பால் மோதித் தள்ளும் அடியில், தலை முன்னும் பின்னும் வெட்டி இழுத்தாலே போதும்.

அப்படியானால் எதில்தான் தெரியும்? ஆளின் மாற்றத்தில் தெரியும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதி, பிறகு ஒரு முறை அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்னொளிக் கபடிப் போட்டி. செம்மண் தளம், நள்ளிரவு தாண்டியிருந்தது. ரைடு போன பையனை மிட் லைனுக்குத் திரும்பும்போது டேஷ் அடித்ததில் பின்மண்டை தரையில் பட்டது. என்னிடம் கூட்டிவந்தார்கள். பேர் கேட்டேன், ஊர் கேட்டேன், ஸ்கோர் கேட்டேன். மூன்றும் சரி. டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு கண்மணியும் சமமாகச் சுருங்கின. “ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்” என்றான். அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் கூட்டாளி ஒருவன் என் நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தான். “சார், அவன் கேட்டதயே கேக்குறான் சார். நாம ஆல் அவுட் ஆனோமாடான்னு மூணு வாட்டி கேட்டுட்டான்.” நேரம் வாங்கி வெளியே அழைத்து உட்கார வைத்தேன். என் முகத்தைப் பார்த்து, “நீங்க யாரு சார்?” என்றான். சற்று முன் நான் அவன் கண்ணில் டார்ச் அடித்தது அவனிடம் பதிவாகவே இல்லை.

அன்று நான் செய்த பிழை இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பேரும் ஊரும் பல ஆண்டுகளாக மனதில் ஊறிய பழைய சரக்கு, கன்கஷன் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஸ்கோரை மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள், அதைக் காதில் வாங்கிச் சொல்லியிருக்கிறான். கெட்டுப்போவது புது நினைவு, அதாவது சற்றுமுன் நடந்தது மனதில் தங்குவது. இதற்கென்றே மேடக்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பு உளவியலாளர் 1995இல் ஐந்து கேள்விகளை வெளியிட்டார். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டம் யாருடன், அதில் ஜெயித்தோமா. தேதி கேட்பதைவிட இவை மேல். விளையாடுகிற பையனுக்கு நல்ல நாளிலேயே தேதி தெரியாது. ஆனால் ஐந்துக்கும் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதால் கன்கஷன் இல்லை என்று ஆகிவிடாது, தவறாகச் சொன்னால் கட்டாயம் வெளியே என்று மட்டும்தான் அர்த்தம். அன்றைக்குக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, கூட்டாளி. அந்தப் பையன் தேறிவிட்டான், ஆனால் ஆறு வாரம் ஆனது.

மைதானத்தில் வேறு என்ன கண்ணில் படும்? விழுந்தவன் உடனே எழாமல் கிடப்பது. எழும்போது கையை ஊன்றித் தடுமாறுவது. தலையைப் பிடித்துக்கொண்டு உதறுவது, கண்ணைக் கசக்குவது. வெறித்த பார்வை. கார்னரில் நிற்க வேண்டியவன் அதற்குப் பக்கத்து இடமான ‘இன்’னுக்குப் போய் நிற்பது, சங்கிலி கோக்கக் கை நீட்ட மறப்பது, கோச் கத்துவதற்கு அரை நொடி தாமதமாகத் திரும்புவது. கணுக்கால் பிடிக்குப் பாயும் கார்னர்களிடம் நான் கூடுதலாகக் கண் வைத்திருப்பேன். தலை கீழே போகிறது, எதிரே முழங்கால் மேலே வருகிறது, பிடி விழுந்த உற்சாகத்தில் ஏழு பேரும் மேலே சாய்கிறார்கள். அந்தக் குவியலிலிருந்து கடைசியாக எழுபவனைத்தான் பார்க்க வேண்டும், எல்லோரும் ரைடரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. பத்து நிமிடம் உட்கார வைத்து, சோடா கொடுத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, சரியாகிவிட்டால் இறக்கலாம் என்பது கிடையாது. இதில் உலகம் முழுக்க மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

காரணம் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் 69 இளம் வீரர்களைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியானது. அடிபட்டதும் வெளியேறியவர்கள் தேறச் சராசரியாக 22 நாள் ஆனது, தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள். சிறிய ஆய்வுதான், எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நான் பார்த்தவரை திசை சரி. உங்கள் மகன் மீதி ஆட்டத்தையும் ஆடியிருக்கிறான் என்பதால் இதைச் சொல்கிறேன். பழி போடுவதற்காக இல்லை, இந்த வாரமே சரியாகிவிடும் என்று கணக்குப் போடாமல் இருப்பதற்காக.

அறிகுறி உடனே வர வேண்டும் என்றும் இல்லை. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 80 ரன்னில் வெளியே போனார், சோதனைகளில் தேறினார், திரும்பி வந்து 92 வரை அடித்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. லபுஷேன் அவர் இடத்தில் இறங்கி டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரரானார். பக்கத்திலேயே டாக்டர், கையில் சோதனைத் தாள், எதிரே கேமராக்கள் என்று இருக்கிற இடத்திலேயே ஒரு ராத்திரி பிடித்தது. பள்ளி மைதானத்தில் பி.டி. சாருக்கு உடனே தெரியவில்லை என்றால் அவரைக் கோபிக்க முடியாது. ஒருநாள், இரண்டு நாள் கழித்து வீட்டில்தான் முழுப் படமும் தெரிகிறது. அதனால்தான் நீங்கள் எழுதிய மூன்று வரிகளும் எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டைவிடப் பெரிதாகப் படுகின்றன. வெளிச்சம் தாங்காதது, எரிச்சல், படிப்பு ஏறாதது. உடம்பு, மனசு, யோசனை என்று மூன்று பக்கமும் ஒவ்வொன்று. நான்காவதான தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறானா, படுத்தும் தூக்கம் வராமல் புரள்கிறானா என்று பாருங்கள்.

நடிப்பு பற்றி. இத்தனை ஆண்டுகளில் கன்கஷன் இருப்பதாக நடித்த பையன்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இல்லாததுபோல் நடித்தவர்களை எண்ணி முடியாது. அணியில் இடம் போய்விடும், கோச் திட்டுவார், “சின்ன அடிக்கே உக்காந்துட்டான்” என்று பேர் வரும். கனடாவில் ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் கேப்டன், 2013 மே மாதத்தில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். முந்தைய அடிகளுக்குப் பிறகு தலை வலிக்கிறது, கன்கஷனாக இருக்குமோ என்று தோழிகளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பெற்றோருக்கோ கோச்சுக்கோ சொல்லவில்லை. அவள் பெயரிலேயே ஒண்டாரியோ மாகாணத்தில் 2018இல் ஒரு சட்டம் வந்தது. உங்கள் மகன் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது உங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறான். மாவட்டப் போட்டியை விட்டுவிட்டுக் காலாண்டுத் தேர்வுக்குப் பயந்து நடிக்கும் கபடிப் பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆனாலும் ஒரு மருத்துவராக நான் வேறு காரணங்களையும் தேட வேண்டும், நீங்களும் தேடுங்கள். எடைப்பிரிவுக்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்திருக்கிறானா? போட்டிக்கு முந்தைய வாரம் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடும் பையன்களை எல்லா மாவட்டத்திலும் பார்க்கிறேன். அதுவே தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். காய்ச்சல் இருக்கிறதா? இருந்தால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் அந்த முழங்கால் தலையில் கட்டிவிடக் கூடாது. கழுத்து வலிக்கிறதா? அதே அடியில் கழுத்துத் தசையும் மூட்டும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஏறும் தலைவலி கன்கஷன்போலவே இருக்கும், அதற்கு வைத்தியம் வேறு. படுத்துப் புரளும்போது மட்டும் அறை சுற்றினால் காதின் உட்புறச் சமநிலை உறுப்பையும் சோதிக்க வேண்டும். கேட்டவுடனே சொல்லிவிடக்கூடியது இல்லை இது. கன்கஷனுக்கென்று உறுதியான ஒற்றைப் பரிசோதனை இன்றுவரை இல்லை. 2018இல் அமெரிக்காவில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள், அது பெரியவர்களுக்கு ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க உதவுவது, கன்கஷனைச் சொல்வது அல்ல.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்காட் 6 என்ற சோதனை இருக்கிறது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் திருத்தி, 2023இல் வெளியான வடிவம் அது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, முதல் 72 மணி நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது, கண்ணை மூடி ஒற்றைக் காலில் 20 நொடி நிற்பது என்று போகும். மாதங்களையும் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு. டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு வரச் சொன்னால் அடிபடாத பையன்களிலேயே பாதிப்பேர் ஆகஸ்டில் நின்றுவிடுவார்கள். சொற்பட்டியலை நானே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், அதனால் மதிப்பெண்ணைப் பெரிதாக நம்புவதில்லை. சீசன் தொடங்கும்போதே அணியில் எல்லோருக்கும் ஒரு முறை செய்து குறித்துவைத்து, அடிபட்ட பிறகு அதோடு ஒப்பிடுகிறேன். உங்கள் மகனுக்கு அப்படி ஒரு பழைய தாள் இருக்காது. நீங்கள்தான் அந்தத் தாள். வழக்கமாக எப்படிச் சாப்பிடுவான், எத்தனை மணிக்கு எழுவான், செல்போனில் எவ்வளவு நேரம் இருப்பான், எதற்குச் சிரிப்பான் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நிபுணருக்கும் தெரியாது. ஒரு நோட்டில் தினமும் காலை, இரவு இரண்டு வரி எழுதுங்கள். தலைவலி பத்துக்கு எத்தனை, படித்தது எத்தனை நிமிடம், தூக்கம் எப்படி. மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் பிலிமோடு அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். அருகில் விளையாட்டு மருத்துவர் இல்லாவிட்டால் குழந்தைகள் நரம்பியல் நிபுணர், அதுவும் இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவு.

ஸ்கேன் நார்மல் என்றாலும் சில விஷயங்கள் வந்தால் காத்திருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத அளவு அசதி, வலிப்பு, பேச்சு குழறுவது, ஒரு கை காலில் பலமின்மை அல்லது மரத்துப்போதல், பொருள் இரண்டாகத் தெரிவது, ஆளைத் தெரியாமல் உளறுவது, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் ஒழுகுவது. மூன்று நாள் தாண்டிவிட்டதால் வாய்ப்பு குறைவு, இல்லாமல் போகவில்லை. அதே நேரம், பயத்தில் இன்னொரு சி.டி. எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். புதிதாக எதுவும் இல்லாதபோது அது கதிர்வீச்சைத் தவிர வேறெதுவும் சேர்க்காது.

வீட்டில் என்ன செய்வது என்பதில் நாங்கள் சொல்லிவந்ததே மாறியிருக்கிறது, நானும் மாற்றிக்கொண்டேன். முன்பு அறையை இருட்டாக்கி, பேச்சுச் சத்தமில்லாமல், அறிகுறி முழுதும் போகும்வரை படுக்க வைக்கச் சொல்வோம். அது தப்பு என்று ஆகிவிட்டது. முதல் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓய்வு, பிறகு மெல்ல நடமாட்டம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 103 இளம் வீரர்களை இரண்டாகப் பிரித்து, அடிபட்ட ஒரு வாரத்துக்குள் ஒரு பிரிவுக்கு அறிகுறி கூடாத அளவுக்கு உடற்பயிற்சியும், இன்னொரு பிரிவுக்கு வெறும் ஸ்ட்ரெச்சிங்கும் கொடுத்தார்கள். முதல் பிரிவு 13 நாளில் தேறியது, இரண்டாவது 17 நாளில். ஆகவே உங்கள் மகன் இப்போதே காலையில் இருபது நிமிடம் நடக்கலாம். தலைவலி, நடக்கும் முன் இருந்ததைவிடப் பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு மறுநாள் குறைவாக நடக்கட்டும். சைக்கிள் வேண்டாம், சமநிலை இன்னும் நம்பகமில்லை. கிணற்றில் குதிப்பது, மரம் ஏறுவதும் வேண்டாம். செல்போனை முதல் 48 மணி நேரம் பிடுங்கி வைப்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2021இல் வந்த ஓர் ஆய்வில் அப்படி விலகியிருந்தவர்கள் 3.5 நாளிலும், விலகாதவர்கள் 8 நாளிலும் தேறினார்கள். அந்த 48 மணி நேரம் கடந்துவிட்டது, இனி மாதக்கணக்கில் பிடுங்கிவைத்தால் அவனுக்கு எரிச்சல்தான் கூடும். அளவாகக் கொடுங்கள்.

“தலையில அடிபட்டா தூங்க விடக் கூடாது” என்று பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். முதல் சில மணி நேரம் கண்காணிக்க வேண்டும் என்பதன் மிச்சம் அது. மருத்துவர் பார்த்து, அபாய அறிகுறி இல்லை என்று சொன்ன பிறகு தூக்கம்தான் மருந்து. மணிக்கொரு தரம் எழுப்பாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வாரக்கணக்கில் தினமும் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைத் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளிக்கு அனுப்பலாம், ஆனால் மைதானத்துக்கு முன் வகுப்பறை. முதலில் அரை நாள், ஜன்னல் வெளிச்சம் நேரே படாத இடம், தலை வலித்தால் பத்து நிமிடம் ஸ்டாஃப் ரூமில் படுக்க அனுமதி, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் நண்பன் நோட்டை வாங்கிக்கொள்வது. தேர்வுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. அதற்குள் சரியாகாவிட்டால் கூடுதல் நேரம் கேட்டோ, பிறகு எழுதவோ மருத்துவர் கடிதத்தோடு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். முழு நாள் வகுப்பை அறிகுறி இல்லாமல் தாங்கிய பிறகுதான் கபடிப் பேச்சு. அதற்கும் படிகள் உண்டு. நடை, பிறகு ஓட்டம், பிறகு தனியாகக் கால் வேலை, பிறகு யாரும் தொடாத அணிப் பயிற்சி, பிறகு பிடியோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தொடாத அணிப் பயிற்சிக்கு வரும் முன் அறிகுறி முற்றிலும் போயிருக்க வேண்டும், மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். மூச்சைக் கட்டிப் பாடுவதும் சிலருக்குத் தலைவலியைக் கிளப்புவதைக் கவனித்திருக்கிறேன், அதையும் பின்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். 2023இல் பிரிட்டன் தன் உள்ளூர் விளையாட்டுகளுக்குப் போட்ட விதிப்படி, தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குக்கூட 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருக்க வேண்டும், போட்டிக்கு 21ஆம் நாளுக்கு முன் வாய்ப்பே இல்லை. நான் அந்தக் கணக்கைத்தான் என் பையன்களுக்குப் பிடிக்கிறேன். இதன்படி உங்கள் மகனின் முதல் ஆட்டம் ஞாயிறு அல்ல, அதற்கு அடுத்த ஞாயிறும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு அதைத் தாண்டியும் இழுக்கும். யாருக்கு இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், முன்பே கன்கஷன் வந்தவர்கள், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், பெண் பிள்ளைகள் ஆகியோருக்குச் சற்று அதிகம் என்று தெரிகிறது.

முழுதாகத் தேறாத நேரத்தில் இரண்டாவது அடி விழுந்தால் மூளை சரசரவென்று வீங்கி உயிர் போகும் என்று படித்திருப்பீர்கள். 1984 முதல் அதற்கு ஒரு பெயர் புழக்கத்தில் இருக்கிறது. அது தனி நோயா, முதல் அடி இல்லாமலே இளம் மூளைக்கு நடக்கக்கூடிய ஒன்றா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மிக அரிது என்பதில் எல்லோரும் ஒன்று. அதைச் சொல்லிப் பையனைப் பயமுறுத்த வேண்டியதில்லை. இரண்டாவது அடியில் தேறும் காலம் நீளும், லேசான இடியிலேயே மறுபடி கன்கஷன் வரும் என்பவை போதுமான காரணங்கள். ஹெட்கார்டு வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தோல் கிழிவதை ஓரளவு தடுக்கும், உள்ளே மூளை ஆடுவதைப் பெரிதாகத் தடுக்காது. அந்தப் பணத்தில் நல்ல கோச்சிடம் கணுக்கால் பிடியைத் தலையை வெளிப்பக்கம் வைத்துப் பாயக் கற்றுக்கொள்ளட்டும்.

பி.டி. சாரிடம் நீங்களே பேசுங்கள், பையனைப் பேச விடாதீர்கள். அவன் போய்ச் சொன்னால் “ஆடுறேன் சார்” என்றுதான் முடியும். “டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை இவனை இறக்க வேண்டாம் சார்” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கார்னர் இல்லாமல் அணி திணறும், அவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. இதற்கு முன் அவனுக்குத் தலையில் அடிபட்டிருக்கிறதா? போன சீசனிலோ, இந்தக் குறுவட்டப் போட்டியிலோ “கொஞ்சம் கிர்ருன்னுச்சு, அப்பறம் சரியாயிடுச்சு” என்று ஏதாவது நடந்திருந்தால் மேலே சொன்ன நாட்கணக்கு எல்லாம் மாறும். அவனிடம் தனியாகக் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது, திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு. அவன் இல்லை என்றால், கூட ஆடும் பையன் ஒருவனையும் கேட்டுப் பாருங்கள்.